சாம்ப்பிளுக்குத் தமிழ்: மாதிரியா, துணுக்கா, ஒலிப்பதியமா?

செல்லூரிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் லண்டன் ராப் பாடகி எம்.ஐ.ஏ.வின் 'கலா' (2007) இசைத்தொகுப்புக்கான கட்டுரை ஒரே ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறது. தலைப்பு 'கலா'தான், 'காலா' என்று யாரும் நகர்த்த வேண்டாம். அது அவருடைய அம்மா பெயர். முந்தைய இசைத்தொகுப்பு 'அருளர்' அப்பா பெயரில் வந்தது.

சிக்கல் 'சாம்ப்பிள்', அதாவது ஏற்கெனவே பதிந்த பாட்டிலிருந்து ஒலியை எடுத்துப் புதுப் பாட்டில் வைப்பது. இப்போது கட்டுரை முழுக்க 'மாதிரி' என்று கிடக்கிறது. முதல் பாட்டு 'பாம்பூ பாங்கா'வுக்கு எழுதியிருப்பது இது:

> இப்பாடல் 'காட்டுக்குயிலு', 'ரோட்ரன்னர்' ஆகிய பாடல்களின் மாதிரிகளைக் கொண்டது.

இதைப் படிக்கிறவர் என்ன நினைப்பார்? அந்தப் பாட்டு மாதிரியே இன்னொன்று போட்டிருக்கிறார்கள் என்றுதான். உண்மையில் 1991இல் வந்த 'தளபதி'யில் இளையராஜா பதிந்த அதே ஒலி, அதே தாளம், அதில் அப்படியே கேட்கிறது. 'ரோட்ரன்னர்' கதை வேறு. அதன் வரிகளை மட்டும் எடுத்துத் தன் குரலில் சொல்கிறார். ஒன்று பதிவை எடுத்தது, மற்றது பாட்டை எடுத்தது. ஒரே சொல்லால் இரண்டையும் கட்டிவிட்டோம்.

அதே தொகுப்பின் 'ஜிம்மி' பாட்டை ஒருவர் 'மாதிரி' என்று திருத்தினார், இன்னொருவர் பழையபடி மீட்டார், மறுபடியும் திருத்தம். 1982இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' படப்பாட்டை முழுதாகத் திரும்பப் பாடியது அது. சண்டை 'ஜிம்மி'யைப் பற்றியதே இல்லை. சொல் சரியாக இருந்தால் இந்த மீள்விப்பே நடந்திருக்காது.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

அண்ணே, 'மாதிரி'யை விட்டுவிட இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒலிப் பொறியியலில் அந்தச் சொல் வேறு வேலையில் இருக்கிறது. குறுவட்டில் ஒலியை ஒரு நொடிக்கு 44,100 தடவை அளந்து எண்ணாக்குகிறார்கள். அந்த ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. அங்கே அந்தச் சொல் பொருத்தம். ஹிப்-ஹாப் கட்டுரையிலிருந்து 'மாதிரி'க்கு இணைப்புக் கொடுத்தால் வாசகர் போய் நிற்பது அங்கேதான்.

'ஒலித்துணுக்கு' என்று உரையாடல் பக்கத்தில் ஒரு பரிந்துரை வந்தது. அதுவும் வேண்டாம் என்பேன். துணுக்கு அளவைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. 1987இல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்பிள் எடுக்கும் கருவியில் மொத்தமே 10 நொடிதான் ஏற்ற முடியும், ஒரு துண்டு இரண்டரை நொடிக்கு மேல் போகாது. அதனால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டு ஏற்றுவார்கள். மூன்று நொடித் தாளம் சுமார் இரண்டேகால் நொடியில் அடங்கிவிடும். பிறகு கருவிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் கரகரப்பான ஒலிக்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் காலத்துக்குத் துணுக்கு சரி. ஆனால் 1996இல் டிஜே ஷேடோ ஓர் இசைத்தொகுப்பையே ஏறக்குறைய முழுவதும் பழைய தட்டுகளிலிருந்து கட்டினார். அதைத் துணுக்கு என்றால் ஒட்டவில்லை. எடுத்து வேறு இடத்தில் வைத்து வளர்க்கிற செயல் சொல்லுக்குள் வர வேண்டும்.

நிலக்கோட்டையிலிருந்து:

"எடுத்து வேறு இடத்தில் வைத்து வளர்க்கிற" என்று தம்பியே சொல்லிவிட்டார். அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பதியம். 'ஒலிப்பதியம்' என்று வைக்கலாம்.

மல்லிகையில் பதியம் போடுகிற விதம் தெரியாதவர்களுக்காக: முற்றின கிளையாகப் பார்த்து, கணுவுக்குக் கீழே லேசாகக் கீறி, அந்தக் கணு மண்ணுக்குள் இருக்கும்படி வளைத்துப் புதைக்க வேண்டும். கிளை நிமிர்ந்துகொள்ளாமல் மேலே ஒரு கல். ஈரம் காயவிடாமல் பார்த்துக்கொண்டால் மூன்று, நான்கு மாதத்தில் வேர் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் தாய்ச்செடிப் பக்கம் வெட்டி வேறு மண்ணில் நடுவது. வளர்வது தாய்ச்செடியேதான், அதே பூ, அதே வாசம். மண் மட்டும் புதுசு. சாம்ப்பிளில் நடப்பது இதுதானே? 'காட்டுக்குயிலு' தாளம் லண்டன்காரருடைய பாட்டில் வேர் பிடித்திருக்கிறது.

'பதிவு', 'பதியம்' இரண்டும் 'பதி'யில் பிறந்தவை. பதிந்து வைத்ததிலிருந்து எடுத்துப் பதிப்பது. 'ஒட்டு' பற்றியும் யோசித்தேன். மாவில் ஒட்டுக் கட்டினால் அடிமரம் ஒன்று, மேல்கிளை ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரு மரம். ஒரு பாட்டின் தாளத்தின்மேல் இன்னொரு பாட்டின் குரலை ஏற்றுகிறார்களே, 'மேஷ்-அப்', அதற்கு 'ஒட்டு' கச்சிதமாக வரும். அதை அதற்கென்று வைத்துக்கொள்வோம்.

வினையாக எழுதும்போது 'பதியமிட்டார்'. பேச்சில் 'பதியம் போட்டிருக்காரு'. சில ஊர்களில் 'பதியன்' என்கிறார்கள், கட்டுரையில் 'பதியம்' என்றே சீராக இருக்கட்டும்.

சிம்மக்கல்லிலிருந்து:

அக்கா, சொல் அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஒன்று, 'ஒலிப்பதிவு', 'ஒலிப்பதியம்'. தேடுபெட்டியில் 'ஒலிப்பதி' வரை அடித்தால் இரண்டும் வந்து நிற்கும். எழுத்துப்பிழை திருத்துகிறவர் 'ஒலிப்பதியம்' பார்த்ததும் 'ஒலிப்பதிவு' என்று மாற்றிவிடுவார், நல்லெண்ணத்தோடுதான். 'ஒலிப்பதியத்தின்', 'ஒலிப்பதிவின்' என்று உருபு ஏறின பிறகு கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

இரண்டு, நாமே ஒரு சொல்லை ஆக்கிக் கலைக்களஞ்சியத்தில் புழங்கவிட்டால் 'சொந்த ஆய்வு', அதாவது வெளி ஆதாரம் இல்லாமல் நாமே சொல்வது, என்ற கேள்வி வரும். மதுரையில் ராப் பாடுகிற பிள்ளைகள் அத்தனை பேரும் 'சாம்ப்பிள்' என்றுதான் சொல்கிறார்கள். வழக்கில் இருப்பதைத் தூக்கி எறிந்துவிட்டு எழுத முடியாது.

திருப்பரங்குன்றத்திலிருந்து:

இரண்டாவது கேள்வியை ஒத்துக்கொள்கிறேன். கட்டுரையில் முதல் தடவை வரும்போது 'சாம்ப்பிள் எனப்படும் ஒலிப்பதியம்' என்று இரண்டையும் சேர்த்து எழுதுவோம். 'சாம்ப்பிள்' என்று தேடுகிறவரை இந்தப் பக்கத்துக்கே கொண்டுவரும் ஒரு வழிமாற்று இருக்கட்டும். யாரும் தொலைந்துபோக மாட்டார்கள்.

எது பதியம், எது இல்லை என்று சந்தேகம் வந்தால் உரிமையை வைத்துப் பார்க்கலாம். ஒரு பாட்டில் இரண்டு உரிமை உண்டு. மெட்டும் வரியும் ஒன்று, பதிவு செய்த ஒலி இன்னொன்று. ஒலிப்பதியத்துக்கு இரண்டுக்கும் அனுமதி வேண்டும். மெட்டை எடுத்துத் தாங்களே வாசித்துக்கொண்டால் முதலாவது போதும். 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' அப்படித்தான்: 'குட் டைம்ஸ்' பாட்டின் பேஸ் கிட்டார் நடையைக் கலைஞர்களை வைத்துத் திரும்ப வாசித்தார்கள். இதற்கு 'மீளிசைப்பு' என்று நான் முன்மொழிகிறேன். பதியம் தாய்ச்செடியின் கிளை என்றால் மீளிசைப்பு விதை.

அளவு சிறியது என்பதால் பதியம் பதியம் இல்லாமல் போகாது. 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஃபங்கடெலிக் குழுவின் இரண்டே நொடிக் கிட்டார் ஒலிக்கும் அனுமதி வாங்கியிருக்க வேண்டும் என்றது. சுருதியை இறக்கி, சுற்றாக ஓடவிட்டு, நீட்டியிருந்தார்கள். அப்படியும் அது எடுத்த பதிவுதான். 2016இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், நொடியில் கால்பங்கு வருகிற ஊதுகருவி ஒலிக்கு அவ்வளவு கறார் தேவையில்லை என்றது. சட்டம் இரண்டு பக்கமும் இழுக்கட்டும், கட்டுரையில் நாம் எழுதும் சொல் மாறாது.

செல்லூரிலிருந்து:

அப்படியானால் 'ஒலிப்பதியம்' என்றே போவோம். சிம்மக்கல் தம்பி சொன்ன 'பதிவு' குழப்பத்துக்கு ஒரு வழி: சொல் முதலில் வரும் வரியில், வாசகருக்குத் தெரியாத கருத்துக் குறிப்பாக 'இது ஒலிப்பதிவு அல்ல, மாற்ற வேண்டாம்' என்று எழுதி வைக்கலாம். தொகுக்கத் திறக்கிறவர் கண்ணில் மட்டும் படும்.

'மாதிரி'யைத் தானியங்கி நிரல் வைத்து மாற்றவே கூடாது. 'அந்த மாதிரி' என்று எழுதின இடமெல்லாம் 'அந்த ஒலிப்பதியம்' ஆகிவிடும். 'முன்மாதிரி' 'முன்ஒலிப்பதியம்' ஆகும். 'மாதிரியை' என்பது 'ஒலிப்பதியம்யை' என்று வந்து நிற்கும், ஏனென்றால் மகர ஈறு உருபு ஏறும்போது அத்துச் சாரியை பெறும், அது நிரலுக்குத் தெரியாது. கையால்தான் மாற்ற வேண்டும். இந்தக் கட்டுரையில் 12 பாட்டுதானே, ஒரு மாலை வேலை.

எந்தப் பாட்டில் எதை எடுத்தார்கள் என்ற அட்டவணையை முதலில் மணல்தொட்டியில், அதாவது சோதனைப் பக்கத்தில், கட்டுவோம். பாட்டு, எடுத்த மூலம், மூலத்தின் ஆண்டு, எடுத்த வகை, கேட்கும் நேரம் என்று ஐந்து நெடுவரிசை. வகையில் நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம்: ஒலிப்பதியம், மீளிசைப்பு, மறுபாடல் (கவர்), மறுகலவை (ரீமிக்ஸ்). 'பேப்பர் பிளேன்ஸ்' 1982இல் வந்த த கிளாஷ் பாட்டின் ஒலிப்பதியம். '20 டாலர்' பிக்சீஸ் குழுவின் வரிகளைத் தன் குரலில் பாடியது, ஆகவே மீளிசைப்பு. 'மேங்கோ பிக்கிள் டவுன் ரிவர்' மறுகலவை. 'பாம்பூ பாங்கா'வுக்கு இரண்டு வரிசை வேண்டும், ஒரே கட்டத்துக்குள் திணிக்காதீர்கள். காதில் கேட்டதை மட்டும் வைத்து எதையும் சேர்க்க வேண்டாம். தட்டு உறையில் அச்சான நன்றிக் குறிப்பில் இருக்க வேண்டும், அல்லது நம்பத்தக்க மேற்கோள் வேண்டும்.

ஏற்றும்போது முழுப் பக்கத்தைத் திறக்காமல் 'பாடல்கள்' பிரிவை மட்டும் தொகுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்துத் தொகுத்தல் முரண் வந்தால், மேல் பெட்டியில் இருப்பது சேமிக்கப்பட்டது, கீழே இருப்பது உங்களுடையது. கீழே உள்ளதை அப்படியே மேலே ஒட்டினால் மற்றவர் உழைப்பு அழிந்துவிடும். உங்கள் வரிசையை மட்டும் எடுத்துச் செருகுங்கள்.

நிலக்கோட்டையிலிருந்து:

'பேர்ட் ஃப்ளூ' வரிசை என்னிடம் விடுங்கள். 2003இல் வந்த 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டு அதில் ஒலிப்பதியம். கூடவே உறுமி அடிக்கிறதே, அதைப் பதியத்தில் சேர்த்துவிடாதீர்கள். அது இந்த இசைத்தொகுப்புக்கென்றே கலைஞர்கள் வாசித்தது. அங்கே மட்டும் 'ஒலிப்பதிவு' என்றுதான் வர வேண்டும்.