எல்லா ஆட்டமும் ஜெயித்தும் கோப்பை இல்லை: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

2004-இல் அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் ஊரில் மேல்படிப்பில் இருந்தேன். ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்று நம்பிப் போய் இறங்கியவன் நான்; அமெரிக்காவில் அது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அங்கே காலேஜ் அணி ஜெயித்தால் டூமர்ஸ் கார்னர் ஓக் மரங்கள்மேல் ஊரே டாய்லெட் பேப்பர் சுருள்களை வீசும். அந்த வருஷம் அணி தோற்கவே இல்லை, மரங்களுக்கும் ஓய்வே இல்லை. டிசம்பரில் டென்னசியை 38-28 என்று ஜெயித்து எஸ்இசி (தென்கிழக்கு மாநிலக் காலேஜ்களின் லீக்) பட்டமும் வாங்கியாயிற்று. 12-க்கு 12.

மறுநாள் பட்டியல் வந்தது. நாட்டின் சாம்பியன் யார் என்று முடிவு செய்ய அப்போது பிசிஎஸ் என்றொரு முறை: ஓட்டெடுப்பும் கம்ப்யூட்டர் கணக்கும் சேர்ந்து முதல் இரண்டு இடம் யாருக்கோ, அவர்களுக்கே இறுதி ஆட்டம். யுஎஸ்சி (தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்), ஓக்லஹோமா இரண்டும்கூடத் தோற்காத அணிகள். ஆபர்ன் மூன்றாவது. ‘நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுல் ஆடிக்கொள்’ என்று அனுப்பிவிட்டார்கள். (பவுல் என்பது சீசன் முடிவில் அழைத்து ஆடவைக்கும் தனி ஆட்டம்.)

எங்கள் வீட்டுக்கார முதியவர் அன்று திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். “ஒரு அரையிறுதி வைத்தால் தீர்ந்ததே?” என்று கேட்டேன். (எங்கள் ஊர்ப் பொங்கல் வாலிபால் போட்டிக்கே அரையிறுதி உண்டு.)

“யார் பெரியவன் என்று பார்க்கவா தம்பி பவுல் வந்தது? 1902-இல் கலிபோர்னியாவின் பாசடினாக்காரர்கள் தங்கள் பூ ஊர்வலத்துக்குக் கூட்டம் சேர்க்க ஆரம்பித்ததுதான் ரோஸ் பவுல். இன்றைக்கும் ஹோட்டல் நிரம்பினால் அவர்களுக்குப் போதும்” என்றார்.

சுகர் பவுலில் வர்ஜீனியா டெக்கை 16-13 என்று ஜெயித்தோம். மறுநாள் இறுதி ஆட்டத்தில் ஓக்லஹோமா யுஎஸ்சியிடம் 55-19 என்று நொறுங்கியது. பெரியவர் பாதியிலேயே டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். இதில் கூத்து என்னவென்றால், 2011-இல் விதிமீறல் காரணமாக யுஎஸ்சியின் அந்த பிசிஎஸ் பட்டத்தையும் பறித்துவிட்டார்கள்.

*

உங்கள் பெரியவருக்கு நான் பார்த்த 2014-ஐக் காட்டியிருக்க வேண்டும். நான்கு அணிகள் அரையிறுதி, இறுதி என்று ஆடும் பிளேஆஃப் வந்த முதல் வருஷம், நான் ஒஹையோ ஸ்டேட் அணியின் ஊரான கொலம்பஸில். ஒஹையோ ஸ்டேட் நான்காவது இடம், குவார்ட்டர்பேக்காக (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஆடியது மூன்றாவது வரிசை ஆளான கார்டேல் ஜோன்ஸ். முதலிடத்து அலபாமாவை 42-35, அப்புறம் ஓரிகனை 42-20. பழைய முறையில் இந்த அணிக்கு வாசலிலேயே நிற்க இடம் கிடைத்திருக்காது.

*

நான்கும் போதவில்லையே. 2023-இல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0. குவார்ட்டர்பேக் காலில் அடி, அவர் இல்லாமல் இந்த அணி தேறாது என்று தேர்வுக்குழு ஒதுக்கிவிட்டது. அந்த அணியின் ஊரான டலஹாசியில் நண்பர் வீட்டில் ஆரஞ்சு பவுல் பார்க்கக் கூடினோம். எங்கள் வீரர்கள் பலர் ஆடவே வரவில்லை. எதிரணி ஜார்ஜியா 63-3 என்று ஜெயித்தது. நண்பர் சமையலறைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை, பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. 2024-இலிருந்து பிளேஆஃபில் 12 அணிகள். இப்போது 13-ஆவது ஆள் வந்து அழுகிறார். அழட்டும், அவர் அனேகமாக எங்கேயாவது தோற்றிருப்பார்.