சின்ன பட்ஜெட் ஜாம்பி படங்கள் ஏன் இவ்வளவு பிடிக்கின்றன?

வடபழனி_நைட்ஷிஃப்ட்:
நண்பர்களே, கொஞ்ச நாளாக மனதில் ஓடும் கேள்வி. ராத்திரி வேலை முடிந்து வந்தால், செத்த பிணங்கள் எழுந்து வந்து மனிதர்களைத் தாக்குகிற ஒரு ஜாம்பி படம் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அதிலும் கோடி கோடியாகக் கொட்டி ஊரையே கொளுத்துகிற படங்கள் அரை மணி நேரத்தில் அலுத்துவிடுகின்றன. நாலு நண்பர்கள், ஒரு பழைய வீடு, ஒரு கேமரா என்று எடுத்த படம்தான் உட்கார வைக்கிறது. வேஷம் போட்டிருப்பது நன்றாகவே தெரிகிறது, ரத்தம் ரத்தம் மாதிரியே இல்லை, இருந்தும் படம் முடிந்ததும் பால்கனிக் கதவைத் தாழ் போட்டேனா என்று எழுந்துபோய்ப் பார்க்கிறேன். "இதையெல்லாம் எப்படிண்ணா பார்க்கிறே" என்று தங்கச்சி கேட்கிறாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை. உங்களுக்கு ஏன் பிடிக்கிறது?

பெரம்பூர்_பழையபடம்:
தம்பி, 1968க்குப் போங்கள். ஜார்ஜ் ரொமேரோவும் அவர் கூட்டாளிகளும் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் எடுத்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான். மொத்தச் செலவு சுமார் 1,14,000 டாலர். கறுப்பு வெள்ளை என்பதால் ரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பே போதுமாக இருந்தது. கையில் காசு இல்லை, கதையை ஒரே பண்ணை வீட்டுக்குள் அடைத்தார்கள், அப்படி அடைத்ததில்தான் நமக்கு மூச்சு முட்டுகிறது. வெளியே பிணங்கள் சுற்றிக்கொண்டிருக்க, உள்ளே இருக்கும் ஏழு பேரில் இரண்டு ஆண்கள் நிலவறைக்குள் ஒளிவதா மேலேயே நின்று சமாளிப்பதா என்று அடித்துக்கொள்வார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய பயம். ஒரு கறுப்பின நடிகரை, டுவேன் ஜோன்ஸை, அந்தக் காலத்திலேயே நாயகனாக வைத்தார்கள். கடைசிக் காட்சியைச் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், படத்தின் பெயரை மாற்றியபோது காப்புரிமைக் குறிப்பு விடுபட்டுப்போய், அமெரிக்காவில் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எடுத்தவர்களுக்கு அது பெரிய நஷ்டம். ஆனால் யார் வேண்டுமானாலும் திரையிடலாம் என்று ஆனதால்தான் படம் இத்தனை பேரைப் போய்ச் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

அம்பத்தூர்_எடிட்டிங்:
எல்லாம் சரி, ஆனால் சின்ன பட்ஜெட் என்பதற்காகவே ஒரு படத்தைத் தூக்கி வைக்க என்னால் முடியாது. முக்கால்வாசிப் படங்கள் சத்தத்தில் விழுந்துவிடுகின்றன. படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், வசனம் கேட்கவில்லை என்றால் பயம் எங்கிருந்து வரும்? ஒரு குறும்படத்துக்கு எலும்பு முறிகிற சத்தம் தேவைப்பட்டபோது மைக் பக்கத்தில் முருங்கைக்காயை முறித்துப் பதிவு செய்தோம், அவ்வளவு நன்றாக வந்தது. இதற்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்காகவே ஜப்பானின் 'ஒன் கட் ஆஃப் தி டெட்' எனக்கு உயிர். 2017இல் வெறும் 30 லட்சம் யென்னில் எடுத்த படம், முதல் 37 நிமிடம் ஒரே ஷாட். நடுவில் ஏதோ சொதப்புகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள், கடைசி வரை பாருங்கள். வசூல் 300 கோடி யென்னைத் தாண்டியது.

சாலிகிராமம்_மேக்கப்:
நான் மேக்கப் உதவியாளர், பெரிய படத்திலும் இருந்திருக்கிறேன், மொட்டைமாடிக் குறும்படத்திலும் இருந்திருக்கிறேன். டிஷ்யூ பேப்பரும் லேட்டக்ஸ் என்கிற ரப்பர் பாலும் வைத்துத்தான் கிழிந்த தோல் செய்வோம். மே மாத வெயிலில் வேர்த்து ஒரு மணி நேரத்தில் உரிய ஆரம்பிக்கும், உரிந்தால் இன்னும் கோரமாக இருக்கிறது என்று டைரக்டர் அப்படியே விடச் சொன்னார். ரத்தத்துக்கு சர்க்கரைப் பாகு, சிவப்புக் கலர், நிறம் அடர்த்தியாகத் தெரிய கொஞ்சம் காபித்தூள். ஆனால் தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் வேறு. அன்றைக்கு ஜாம்பியாக நடிக்க ஆள் போதவில்லை, தெருவில் இஸ்திரி போடும் அண்ணனைக் கூப்பிட்டோம். ஒரு வசனமும் கிடையாது, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு படியேறி வர வேண்டும், அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவர் வழக்கம்போல வண்டியோடு நின்று "என்னம்மா, துணி இருக்கா" என்று கேட்டபோது ஒரு நொடி என் கால் நகரவே இல்லை. பெரிய படத்தில் வருகிற ஆயிரம் பேரில் பாதி கம்ப்யூட்டரில் செய்தது, ஒரு முகம்கூட மனதில் நிற்பதில்லை. இங்கே வருவது பத்தே பேர், பத்து பேருக்கும் முகம் இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒருத்தர் நம்மைத் தெரியாதவர் மாதிரி பார்த்தால் எப்படி இருக்கும்?

வடபழனி_நைட்ஷிஃப்ட்:
அக்கா, இதைத்தான் இவ்வளவு நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன். பால்கனிக் கதவைப் பார்க்கப் போகும்போது எனக்குத் தோன்றுவது எதிர்வீட்டு மாமாவின் முகம்தான், இப்போதுதான் புரிகிறது. தங்கச்சியிடம் நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன், சனிக்கிழமை அந்த 1968 படத்தை என்னோடு உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், லைட்டை மட்டும் அணைக்கக் கூடாதாம். ஒரு சந்தேகம், சர்க்கரைப் பாகு என்றால் எறும்பு வராதா?

சாலிகிராமம்_மேக்கப்:
வராமலா? படிக்கட்டு முழுக்க வந்துவிட்டது. ஷாட் முடிந்த உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், காய விட்டால் கறையும் போகாது.