மறு: ‘டிப்’ எண்டதுக்குத் தமிழ் – தோய்த்தெடுப்பு?

> அமிழ்த்தல் எண்டே வைப்பம், எல்லாருக்கும் விளங்கும்.

புதுசா வாற கடல்மீனையும் பவளத்தையும் தொட்டியில விட முன்னம், ஒட்டியிருக்கிற புழு போகக் கொஞ்சநேரம் வேற தண்ணியிலயோ மருந்துத்தண்ணியிலயோ விட்டெடுக்கிறதைத்தான் ‘டிப்’ எண்டுறது, எங்கட மீன்தொட்டிச் சொற்பட்டியலுக்கு அதுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேணும். அமிழ்த்தல் எண்டா விளங்கும்தான் அண்ணை, ஆனா பிழையா விளங்கும். போன மாசம் புதுசா ரெண்டு கோமாளிமீன் வந்தது, நான் அண்டைக்கு வவுனியாவில, கிளிநொச்சி வீட்டில தங்கச்சின்ர மகன்தான் நிண்டவன், போனில சொன்னன் “நல்லதண்ணி வாளியில அமிழ்த்தி வை, பிறகு தொட்டியில விடு” எண்டு. அவன் அமிழ்த்தி வைச்சிட்டு பந்தடிக்கப் போட்டான். அரை மணித்தியாலம் கழிச்சு வந்து பாக்க ரெண்டும் சரிஞ்சு கிடக்குது. நல்லாப் பேசிப்போட்டன், பிறகு யோசிச்சா “வை” எண்டு சொன்னது நான், பொடியன் வைச்சான்.

கடல்மீனை உப்பில்லாத நல்லதண்ணியில விடுறது அஞ்சு நிமிசத்துக்குத்தான். தொட்டித்தண்ணியின்ர அதே சூடு இருக்கோணும், பிஎச் (தண்ணியின்ர அமில-கார அளவு) குறைவெண்டா அப்பச்சோடா கொஞ்சம் கரைச்சுவிடலாம். மீனில ஒட்டியிருக்கிற தட்டைப்புழு கண்ணாடி மாதிரி, சும்மா பாத்தாத் தெரியாது, ஆனா உப்பில்லாத தண்ணி உள்ள போக ஊதி வெளுத்து எள்ளளவில பொட்டுப்பொட்டா விழும். கறுத்த வாளி எண்டா வடிவாத் தெரியும். மீன் பக்கவாட்டில சாய வெளிக்கிட்டா உடன தூக்கித் தொட்டியில விடோணும், கடிகாரம் பாக்கத் தேவையில்லை.

பவளத்துக்கும் இதே சொல்தான் வேணும். இஞ்ச கடலில பவளம் உடைக்கிறது சட்டப்படி குற்றம், அதால நான் அது வளக்கிறேல்லை, கனடாவில இருக்கிற மச்சான்தான் வளக்கிறார். அவர் பவளத்தை நல்லதண்ணியில போடமாட்டார், போட்டாச் செத்துடும், தொட்டித்தண்ணியிலயே அயடின் மருந்து கலந்து பத்து நிமிசம், நடுவில சிரிஞ்சால தண்ணி பீச்சிப் பீச்சி அடிக்கப் புழுவெல்லாம் கழண்டு வாளி அடியில கிடக்குமாம். பிறகு வேற சுத்தத் தண்ணியில அலசிப்போட்டுத்தான் உள்ள விடுறது, அந்த மருந்துத்தண்ணியை ஒரு சொட்டும் தொட்டிக்க விடாமல்.

அதால என்ர முன்மொழிவு தோய்த்தெடுப்பு. எங்கட பக்கம் உடுப்புத் தோய்க்கிறது எண்டா ஊத்தை போகக் கழுவுறது. கொல்லப்பட்டறையில கத்தி தோய்க்கிறதும் முக்கின கையோட எடுக்கிறதுதானே. தமிழ்நாட்டு ஆக்களுக்குத் தயிர் ஞாபகம் வரும் எண்டு ஒருத்தர் எழுதியிருந்தவர், வரட்டும், “எடுப்பு” சேந்தாத் தயிர் போயிடும். முக்கல் எண்டும் ஒரு யோசனை வந்தது, அது வேண்டாம், முக்கல் முனகல் எண்டு சிரிப்பாங்கள்.

கனநேரம் மருந்து குறைவாப் போட்டு விடுறது வேற வேலை, அதுக்கு மருந்துக்குளிப்பு எண்டு வைக்கலாம். புது உயிரைப் பிறிம்பா வைச்சுப் பாக்கிறதுக்குத் தடுப்புத்தொட்டி எண்டு போட்டிருக்கிறியள், வன்னியில தடுப்பு எண்டா ஆக்களுக்குத் தடுப்புமுகாம்தான் ஞாபகம் வரும், தயவுசெய்து தனித்தொட்டி எண்டு மாத்துங்கோ.

> ‘பூச்சிநீக்கம்’ எண்டாலே போதாதா?

போதாது. தோய்த்தெடுத்தாலும் பவளப்புழுவின்ர முட்டை சாகாது, பொரிக்கப் பொரிக்கத் திரும்பவும் தோய்த்தெடுக்கோணும். மீனுக்கு வாற வெள்ளைப்புள்ளி நோயின்ர கிருமி தோலுக்குக் கீழ இருக்கிறது, நல்லதண்ணியில விட்டாலும் போகாது. நீக்கம் எண்டு பேர் வைச்சா எல்லாம் போட்டுது எண்டு நம்பித் தனித்தொட்டியை விட்டிடுவினம்.

ஒண்டு கேக்கோணும், நல்லதண்ணித் தோய்த்தெடுப்பு, அயடின் தோய்த்தெடுப்பு எண்டு பிரிச்சு எழுதிறதோ சேத்து எழுதிறதோ? இலக்கணம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, திருத்திப்போட்டுப் பட்டியலில ஏத்துறன்.