பாஸ்போர்ட்டில் இருப்பதுதான் பெயர்: கொரோனாக் காலத்தில் எல்லையோரத்திலிருந்து விமானம் ஏறியவர்களின் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என்று சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். பாலக்காடு மாவட்டத்தின் இந்தக் கிழக்குக் கோடியில் வீட்டுக்குள் தமிழ்தான். ரேஷன் கார்டு கேரளத்தில், சந்தை பொள்ளாச்சியில், பெரிய வைத்தியம் என்றால் கோயமுத்தூரில். துபாய், ஷார்ஜா, மஸ்கட் என்று வேலைக்குப் போனவர்களும் உண்டு. 2021இல் லீவுக்கு வந்து மாட்டிக்கொண்டவர்கள் திரும்பப் புறப்பட்டபோது அவர்களுடைய காகிதமெல்லாம் என் மேஜைக்கு வந்தது. எந்த ஊசி செல்லும், எத்தனை மணி நேரத்துக்குள் பரிசோதனை என்பதெல்லாம் மாதத்துக்கு மாதம் மாறியது. மாறாமல் நின்றது பெயர் ஒன்றுதான். எல்லாக் காகிதத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் இருந்தவர்கள் ஏறிப் போனார்கள், இல்லாதவர்கள் அலைந்தார்கள். நான் பார்த்ததை எழுதுகிறேன். மற்றவர்களும் எழுதுங்கள்.

நம் ஆட்களுக்கு இது அடிக்கடி வரும் சிக்கல். ஆதாரில் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். ஓட்டுநர் உரிமத்தில் இன்னொரு மாதிரி. ஊருக்குள் இருக்கிறவரை யாரும் கேட்பதில்லை. ஊசி போட்ட இடத்தில் ஆதாரைப் பார்த்து டைப் செய்தார்கள். கூட்டம் அதிகமான நாளில் வாயால் சொன்னதைக் கேட்டு டைப் செய்தார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஷார்ஜாவில் லாரி ஓட்டுகிறவர். 2021 ஏப்ரல் தொடக்கத்தில் ஊருக்கு வந்தார். அதே மாதக் கடைசியில் அமீரகம் இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. ஆகஸ்ட் 5ஆம் தேதி திறந்தபோதும் அங்கேயே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் முதல் இடம். செப்டம்பர் 12 முதல், உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஊசியை எந்த நாட்டில் போட்டிருந்தாலும் விசா உள்ளவர்கள் வரலாம் என்று சொன்னார்கள். கோவிஷீல்டு அந்தப் பட்டியலில் இருந்தது. அண்ணன் சந்தோஷமாகக் கடைக்கு வந்தார், மனைவியும் கூட வந்திருந்தார். கொரோனா ஊசிச் சான்று தருகிற அரசுத் தளமான கோவினைத் திறந்து பார்த்தால் இரண்டு சான்றிதழ் வருகிறது. இரண்டிலும் முதல் டோஸ் என்றே இருக்கிறது!

நடந்தது இதுதான். முதல் ஊசி இங்கே எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், மனைவியின் போன் நம்பரில், ஆதாரைக் காட்டிப் போட்டது. இரண்டாவது ஊசி பொள்ளாச்சிப் பக்கம் ஒரு முகாமில், தன் போன் நம்பரில், ஓட்டுநர் உரிமத்தைக் காட்டிப் போட்டது. கம்ப்யூட்டர் கணக்கில் இரண்டு மாநிலத்தில் இரண்டு ஆட்கள், ஆளுக்கு ஒரு ஊசி.

"ஏனுங்க தம்பி, ரெண்டு ஊசியும் இவரு கையிலதானே போட்டாங்க" என்றார் அந்த அக்கா. அதற்கு என்ன பதில் சொல்வது?

கோவின் தளத்தில் பிழைகளைத் தெரிவிக்கும் பகுதி ஒன்று இருந்தது. பெயர், பிறந்த ஆண்டு இவற்றைத் திருத்த அங்கே ஒரே ஒரு வாய்ப்புத்தான். இரண்டு முதல் டோஸ் சான்றுகளைச் சேர்க்கவும், பாஸ்போர்ட் எண்ணை ஏற்றவும் தனித்தனி வழி இருந்தது. வரிசை மாறக் கூடாது என்று நினைத்தேன். முதலில் இரண்டு சான்றிலும் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆக்குவது, பிறகு இரண்டையும் சேர்ப்பது, கடைசியில் பாஸ்போர்ட் எண். அண்ணன் பாஸ்போர்ட்டைக் கையில் பிடித்து ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது, பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் விழுந்தது. அதைச் சரியாக எழுதிவிடலாமே என்று அவருக்கு ஆசை. வேண்டாம் அண்ணா, அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே போகட்டும் என்றேன். சான்றிதழ் ஒன்றாகி வந்ததும் அந்தக் கூடுதல் எழுத்தோடுதான் அச்செடுத்தோம். அதை வைத்து ஷார்ஜாவுக்கான ஐசிஏ (அமீரகக் குடியேற்றத் துறை) அனுமதியும் வாங்கியாகிவிட்டது.

அடுத்தது நேரக் கணக்கு. புறப்படும் நேரத்துக்கு 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டிபிசிஆர், அப்புறம் விமான நிலையத்திலேயே ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்னால் ஒரு ரேபிட் பிசிஆர். அந்த 48 மணி நேரம், மூக்கில் குச்சி விட்ட நிமிடத்திலிருந்து கணக்கு. ரிப்போர்ட்டில் பெரும்பாலும் மூன்று நேரம் அச்சாகியிருக்கும்: மாதிரி எடுத்தது, லேபுக்கு வந்து சேர்ந்தது, முடிவு வந்தது. சில இடங்களில் கடைசி ஒன்றை மட்டும் போட்டுவிடுவார்கள். கேரளத்தில் அப்போது 500 ரூபாய்க்குப் பரிசோதனை செய்தார்கள் என்பதால் தமிழ்நாட்டுப் பக்கமிருந்தும் பாலக்காட்டுக்கு வந்து கொடுத்தவர்கள் உண்டு. விலை சரிதான், ஆனால் மாதிரி எடுத்த நேரத்தைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. க்யூஆர் கோடு இருக்கிறதா, போனில் ஸ்கேன் செய்தால் அதே ரிப்போர்ட் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லேபை விட்டு வெளியே வர வேண்டியிருந்தது.

அண்ணனோடு நெடும்பாசேரி (கொச்சி விமான நிலையம்) வரை நானும் போனேன். குதிரான் சுரங்கப்பாதை ஜூலைக் கடைசியில்தான் திறந்திருந்தது, அதனால் அந்த மலையில் வழக்கமாக நிற்கிற நெரிசல் இல்லாமல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே நடந்ததை அண்ணன் போனில் சொன்னார். கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட், ஊசிச் சான்று, பரிசோதனை ரிப்போர்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா முனையால் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். "பேரு எல்லாத்திலும் ஒண்ணுதன்னே, சேட்டா" என்று அனுப்பிவிட்டார். அவருக்கு முன்னால் நின்ற பையனின் ரிப்போர்ட்டில் அப்பா பெயர் இல்லை, வெறும் இனிஷியல். லேபுக்குப் போன் போட்டு, அவர்கள் புது ரிப்போர்ட்டை வாட்ஸப்பில் அனுப்பி, வெளியே ஓடிப்போய் அச்செடுத்து வருவதற்குள் கவுண்டரை மூடிவிட்டார்கள். டிக்கெட் பணமும் போச்சு, 48 மணி நேரமும் போச்சு. அந்தப் பையனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

கோவிஷீல்டுக்கு இடைவெளி 84 நாள் என்று இருந்தபோது, வெளிநாட்டில் படிப்பு, வேலை உள்ளவர்கள் 28 நாளுக்குப் பிறகு இரண்டாவது ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று 2021 ஜூனில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பலருக்கு அது தெரியாமலே போனது. தெரிந்து போனவர்களையும் சில இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். ஆணையை அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்பிய பிறகுதான் வேலை நடந்தது.

வேலந்தாவளத்திலிருந்து ஒரு சகோதரி:

அண்ணா, நீங்கள் போனவர்களைப் பற்றி எழுதினீர்கள். நான் வந்தவனைப் பற்றி எழுதுகிறேன். 2021 மார்ச்சில் எங்கள் அப்பா இறந்தபோது தம்பி துபாயில் இருந்தான். அப்போது இந்தியா வருகிறவர்கள் ஏர் சுவிதா தளத்தில் உறுதிமொழியும் 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட்டும் ஏற்ற வேண்டும். குடும்பத்தில் இறப்பு என்றால் மட்டும் ரிப்போர்ட் இல்லாமல் வர விலக்குக் கேட்கலாம். பரிசோதனை கொடுத்து முடிவுக்குக் காத்திருந்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாது. பஞ்சாயத்தில் இறப்புச் சான்று வாங்க நாளாகும் என்பதால் ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினோம். அதில் அப்பா பெயரும் தம்பி பாஸ்போர்ட்டில் உள்ள தகப்பன் பெயரும் ஒன்றாக இருந்ததால் அனுமதி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நெடும்பாசேரியில் இறங்கியதும் மாதிரி எடுத்தார்கள், கேரள அரசு அதற்குக் காசு வாங்கவில்லை.

எங்கள் வீடு செக்போஸ்ட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம். கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும் என்று அந்த மாதம்தான் மறுபடியும் கொண்டுவந்திருந்தார்கள். கடல் தாண்டி வந்தவன், செக்போஸ்ட்டில் நின்றால் எங்கள் வீட்டுப் பந்தல் தெரிகிற தூரத்தில், பாஸ் இல்லாமல் நிற்கக் கூடாதே என்று, அழுகிற வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து நான்தான் விண்ணப்பம் போட்டேன். பெரியப்பா ஒருவர், "இந்த நேரத்துல போனை நோண்டிட்டு இருக்கியே கண்ணு" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரே பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்துக் காட்டினார். தம்பி வந்து கொள்ளி வைத்தான். செக்போஸ்ட்டில் இருந்த போலீஸ்காரர் பாஸைப் பார்த்துவிட்டு, "போங்க தம்பி, சீக்கிரம் போங்க" என்று மட்டும் சொன்னாராம்.

லோயர் கேம்ப்பிலிருந்து:

எங்கள் சிக்கல் பெயரில் இல்லை, ஊசியில். கம்பம் பக்கம் முகாமில் அன்றைக்கு இருந்தது கோவாக்சின். மாமா அதைத்தான் போட்டுக்கொண்டார். அவருக்கு வேலை மஸ்கட்டில். ஓமன் 2021 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் ஊசி போட்டவர்களை உள்ளே விட்டது, ஆனால் அவர்கள் பட்டியலில் கோவாக்சின் இல்லை. மலைமேல் கேரளப் பக்கம் குமுளியில் கோவிஷீல்டு போட்டுக்கொண்ட அவருடைய நண்பர் முன்னாலேயே போய்விட்டார். மலைக்கு மேலே ஒரு ஊசி, கீழே ஒரு ஊசி. இன்னொரு கோவிஷீல்டும் போட்டுக்கொள்ளலாமா என்று மாமா கேட்டார். ஊசி போடுகிற நர்ஸ் அக்கா கண்டிப்பாக முடியாது என்று சொல்லிவிட்டார், அவர் சொன்னதுதான் சரி. அக்டோபர் 27ஆம் தேதி ஓமன் கோவாக்சினை ஏற்றது. அடுத்த வாரம், நவம்பர் 3ஆம் தேதி, உலக சுகாதார நிறுவனமும் அங்கீகரித்தது. இரண்டாவது ஊசி போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை, மாமாவுக்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது. கம்பெனி அதுவரை வேலையை வைத்திருந்தது பெரிய விஷயம். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை.

செங்கோட்டையிலிருந்து:

மகளின் பிரசவத்துக்கு லண்டன் போனோம். கோவின் சான்றில் முதலில் வயது மட்டும்தான் இருந்தது. நம் ஊசிச் சான்றை ஏற்பது பற்றிப் பிரிட்டனோடு தகராறு வந்த பிறகு, 2021 செப்டம்பர் கடைசியில், வெளிநாடு போகிறவர்களுக்கு முழுப் பிறந்த தேதியையும் சேர்க்க வசதி செய்தார்கள். என் மனைவிக்குப் பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, பள்ளிச் சான்றில் ஒரு தேதி. பாஸ்போர்ட் தேதியைப் போட்டோம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கோவிஷீல்டு போட்ட இந்தியர்களுக்கு அங்கே தனிமைப்படுத்தல் அக்டோபர் 11 முதல் இல்லை என்றானதும் டிக்கெட் எடுத்தோம். பேத்தி பிறப்பதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

நகரியிலிருந்து:

கொரோனாக் காகிதமெல்லாம் முடிந்துவிட்டது. ஏர் சுவிதாவும் 2022 நவம்பரில் பொதுவாக நின்றுவிட்டது. ஆனால் எனக்கு இப்போதுதான் ஒரு சந்தேகம். நான் வேலைக்குக் கானா போகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை இல்லாமல் அங்கே விட மாட்டார்கள், திரும்பி வரும்போது இந்தியாவிலும் கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் முன்பு ஒருமுறை போட்டது. அந்த அட்டையில் 10 வருஷம் செல்லும் என்று எழுதியிருக்கிறது, அதுவும் முடியப் போகிறது. மறுபடி போட வேண்டுமா? பெயர் கையால் எழுதியது, என் இனிஷியல் மட்டும் இருக்கிறது. அதையும் நானே விரித்து எழுதிக்கொள்ளலாமா?

கொழிஞ்சாம்பாறை, மேலே எழுதியவன்:

தம்பி, மறுபடி ஊசி வேண்டாம். 2016 ஜூலை 11 முதல் மஞ்சள் காய்ச்சல் அட்டை ஆயுள் முழுக்கச் செல்லும். அதற்கு முன்னால் போட்டு 10 வருஷம் என்று எழுதிய அட்டைக்கும் அதே விதிதான். புதிதாகப் போடுகிறவர்களுக்கு மட்டும் ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

அட்டையில் மட்டும் உங்கள் கையால் ஒன்றும் எழுதாதீர்கள். தேதியையோ பெயரையோ அடித்துத் திருத்தினால் அட்டையே செல்லாமல் போகலாம் என்பது சர்வதேச விதி. பாஸ்போர்ட் அசலையும் பழைய அட்டையையும் எடுத்துக்கொண்டு ஊசி போட்ட இடத்துக்கே போய், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போட்டு, டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வைத்துப் புது அட்டை தர முடியுமா என்று கேளுங்கள். ஆதாரை எடுத்து நீட்டாதீர்கள், அதைப் பார்த்தே மறுபடியும் இனிஷியலை எழுதிவிடுவார்கள்.