மறுமொழி: டைலுக்குத் தமிழ் – கட்டமா, ஓடா, சில்லா?

குழுவினருக்கு வணக்கம்.

திங்கட்கிழமை நான் கேட்டது ஒரே ஒரு சொல்: கணினி விளையாட்டில் புல், மேகம் என்று திரையை நிரப்ப அடுக்குகிற சின்னச் சதுரப் படத்தை ஆங்கிலத்தில் டைல் என்கிறார்களே, அதற்குத் தமிழ். நேற்று ராத்திரி எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொரு மடல். அதில் பாதி, கையேட்டில் நான் எழுதிய வரைதல் என்றால் அகத்திணையில் மணம் முடித்தலா இல்லையா என்பதைப் பற்றி. வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் ரசித்துத்தான் படித்தேன். ஆனால் கையேடு வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது.

நடுவில் சேர்ந்தவர்களுக்காக இன்னொரு முறை. சனிக்கிழமைதோறும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபரிமாண விளையாட்டு எழுதச் சொல்லித் தருகிறேன், எல்லாரும் தமிழ்வழி. பழைய கையேட்டில் நானே எழுதியிருந்த வரி: "கட்டங்களை ஏற்றி வரையவும்." மேலூர்ப் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிற பையன் ஒருவன் அதை எழுத்துக்கு எழுத்து செய்தான். ஏற்றுவதையும் வரைவதையும் ஒரே சுற்றுக்குள் போட்டுவிட்டான். நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கிற சுற்று அது. ஒவ்வொரு தடவையும் கோப்பைத் திறந்து, சுருக்கிய படத்தை நினைவகத்தில் விரித்து, பிறகுதான் ஒரு புல்லை வைக்க வேண்டும் என்றால் என்ன ஆகும்? அவன் கதாநாயகன் அழகர்கோவில் ஆடித் தேர் மாதிரி நகர்ந்தான். தப்பு அவனுடையது இல்லை, என் வரியுடையது. மாட்டுத்தாவணிச் சந்தைக்கு லாரி காலையில் ஒரு தடவைதான் வரும், நாள் முழுக்க எடுத்து எடுத்துப் போடுவது கடைக்காரர் வேலை என்று சொன்னதும் அவனுக்குப் புரிந்துவிட்டது. கையேட்டில் அது இல்லையே.

அடுத்த குழப்பம் "கட்டம்". இதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து இருக்கிறது. ஒரு படத்தாள், அதாவது எல்லாச் சின்னப் படங்களும் சேர்ந்த ஒரே பெரிய படம், 256க்கு 256 புள்ளி (பிக்சல்). அதை 16 புள்ளிச் சதுரங்களாக வெட்டினால் வரிசைக்கு 16, மொத்தம் 256 துண்டு. 37ஆம் எண் துண்டு எங்கே இருக்கிறது? 37ஐ 16ஆல் வகுத்தால் ஈவு 2, மீதி 5. சுழியத்திலிருந்து எண்ணினால் 2ஆம் வரிசை, 5ஆம் நெடுவரிசை. புள்ளிக் கணக்கில் இடமிருந்து 80, மேலிருந்து 32. (ஈவு, மீதி என்ற இரண்டு சொல்லுக்கும் பிள்ளைகள் கேள்வியே கேட்கவில்லை, கவனியுங்கள்.) இது தாளில் இருக்கிற துண்டு. திரையில் 20க்கு 15 என்று 300 இடம் இருக்கிறது. அதில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், எந்தத் துண்டு வர வேண்டும் என்று. நான் இரண்டையுமே கட்டம் என்று எழுதிவிட்டேன். "37ஆம் கட்டத்தை 37ஆம் கட்டத்தில் வரைய வேண்டுமா சார்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. பதில் சொல்ல வாய் வரவில்லை.

கட்டம் என்பது இடம். அதில் உட்காருகிற பொருளுக்கு வேறு சொல் வேண்டும். ஒரே பொருள் நூறு இடத்தில் உட்காரலாம். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே வடிவம்தான், நிறத்தை மட்டும் மாற்றி மேலே ஒன்று கீழே ஒன்று வைத்தார்கள். அதற்கு இரண்டு பெயர் வைப்போமா?

சரி, வந்த பரிந்துரைகள்.

> ஓடு இருக்கும்போது வேறெதற்கு? நாட்டு ஓடு, சீமை ஓடு என்று காலங்காலமாகப் புழங்குவது.

திருமங்கலத்து நண்பருக்கு: ஓடு நல்ல சொல், தனியாக நிற்கும் வரை. தொகுப்பு என்று சேர்த்துப் பாருங்கள், நெடில்தொடர்க் குற்றியலுகரம், வீடு வீட்டு ஆவது போல ஓட்டுத்தொகுப்பு ஆகும். ஓட்டு வரைபடம் என்று அட்டையில் போட்டால் தேர்தல் நேரத்தில் யாராவது கேட்டுக்கொண்டு வருவார்கள். இதில் நிரலை வேறு நாம் "ஓட்டு" என்கிறோம்.

> தளம் பாவுதல் உண்டு, பாவுகல் உண்டு. வேரும் தெளிவு, பொருளும் தெளிவு.

திருப்பரங்குன்றம் ஐயா சொன்னது. எனக்கும் மனம் சாய்ந்தது. ஆனால் செல்லூர் அக்கா உடனே எழுதினார்: "எங்க வீட்டில் பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடுற நூல். குறுக்கே போறது ஊடை. என் பிள்ளைக்குப் பாவுகல் என்றால் தறிக்குக் கீழே கல் எதற்கு என்று கேட்பான்." அங்கிருந்து பாவு, பா, பாட்டு என்று ஐயா போன தூரம் அனைவரும் அறிந்ததே. பதினோரு மடல்.

அப்புறம் நற்றிணை. இதற்காக மட்டும் இந்த இழையை நான் சேமித்து வைப்பேன். மூன்றாம் பாட்டில் வேம்பின் புள்ளி நிழலில் "கட்டளை அன்ன வட்டரங்கு இழைத்து" சிறுவர்கள் நெல்லிக்காயை வட்டாக வைத்து ஆடுகிறார்கள். குறளிலும் "அரங்கின்றி வட்டாடி யற்றே". ஆகவே கோடு கிழித்த பரப்பு அரங்கு, அதன்மேல் ஆடும் காய் வட்டு என்பது ஐயாவின் வாதம். அழகுதான். ஆனால் உரைகல்லைக் குறிக்கிற அந்தக் கட்டளை இன்று கணினிக்கு இடும் கட்டளை. வட்டு டிஸ்க்குக்குப் போய்விட்டது. மிச்சம் அரங்கு. அதை நினைவகத்தில் ஏற்றினால் அரங்கேற்றம்! ஐயாவுக்கு இது ரொம்பப் பிடித்தது. பிள்ளைகள் சலங்கை கட்டிக்கொண்டு வந்துவிடும் என்று செல்லூர் அக்கா.

அரங்கு, வட்டு என்று பேசும்போதுதான் எனக்குப் பாண்டி ஆட்டம் ஞாபகம் வந்தது. தெருவில் கரிக்கட்டையால் கட்டம் போட்டு, உடைந்த ஓட்டுத் துண்டை எறிந்து, நொண்டியடித்துத் தாண்டுவது. அந்தத் துண்டு சில்லு. கட்டம் இடம், சில்லு பொருள். இரண்டையும் எங்கள் தெருப் பிள்ளைகள் ஒருநாளும் குழப்பியதில்லை. சில்லு, சில்லுத்தாள், சில்லு எண். புணர்ச்சியிலும் தொந்தரவு இல்லை.

நம் குழுவின் மேலூர்த் தம்பியின் மறுப்பு: சில்லு ஏற்கெனவே கணினிச் சில்லு (சிப்), வன்பொருள் பாடத்தில் அதே பிள்ளைகள் அதே சொல்லைப் படிக்கிறார்கள். நியாயம். நான் மறுக்கவில்லை. ஒரே கையேட்டில் இரண்டும் வரவில்லை என்பதுதான் என் சமாதானம், அது பலவீனமான சமாதானம் என்றும் தெரியும். தம்பி டைல் என்றே விடலாம் என்கிறார், எண்ணிக்கையில் அவருக்கு மூன்று பேர் துணை, சில்லுக்கு ஐந்து, பாவுகல்லுக்கு ஐயா ஒருவர். மற்றவர்கள் களைத்துப்போய் "எதையாவது வையுங்கள்" என்றார்கள்.

வினைச்சொல் பாக்கி. வரை வேண்டாம், இங்கே யாரும் தூரிகை பிடிக்கவில்லை, இருப்பதை எடுத்துப் படியெடுக்கிறோம். கொத்தனார் சொல் "பதி" நன்றாக இருந்தது. ஆனால் ஏற்று, பதி இரண்டும் பக்கத்தில் வந்தால் பதிவேற்று கண்முன் வந்து நிற்கிறது. போன சனிக்கிழமை பின்வரிசையில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது காதில் விழுந்தது: "முப்பத்தேழை அஞ்சாவது கட்டத்துல வைடீ." அதையே எடுத்துக்கொண்டேன். ஆக புதிய வரிகள்: "சில்லுத்தாளை ஆட்டம் தொடங்கும் முன் ஒரே முறை ஏற்று. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் சில்லுகளை அந்தந்தக் கட்டத்தில் வை."

பெரிதாக்கும்போது சில்லுக்கும் சில்லுக்கும் நடுவில் பக்கத்துச் சில்லின் நிறம் மெல்லிய கோடாகக் கசிகிறதே, அதற்கு ஒரு பெயர் வேண்டும். டைல்ஸ் போடுகிறவரைக் கேட்டேன், ஜாயின்ட் என்றார். தனி இழை தொடங்குங்கள், இதில் வேண்டாம்.

இதை அனுப்பப் போகும் நேரத்தில் ஐயாவிடமிருந்து ஒரு மடல், ஒரே வரி: "வை என்றால் திட்டு என்றும் பொருள், மறவற்க."