மறு: தனியுரிமைத் திரையா, மறைசோலையா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். பிறர் பார்வை படாமலிருக்க, இயற்கையாகத் தோன்றும்படி நடும் பசுமைமாறா மரஞ்செடித் திரைக்கு (evergreen privacy screen) என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்ற நம் பேச்சின் தொடர்ச்சி இது.

> 'தனியுரிமைத் திரை' என்றே வைத்துக்கொள்ளலாமே, பொருள் நேராக வந்துவிடுகிறது.

எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஐயா. தனியுரிமை என்பதைச் சட்டமும் கணினியும் எடுத்துக்கொண்டுவிட்டன. தனியுரிமைத் திரை என்றால் கைப்பேசியின் மேல் ஒட்டும் கருப்புத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. பக்கத்து மாடியில் நிற்பவர் கண்ணில் நம் முற்றம் படாமலிருக்க நடும் மரஞ்செடிகள் அதில் இல்லை.

உயிர்வேலி பழகிய நல்ல சொல். ஆனால் வேலியின் வேலை ஆளும் ஆடுமாடும் நுழையாமல் தடுப்பது. இடுப்பளவு இருந்தாலே அதற்குப் போதும். நாம் பெயர் தேடுவதோ பார்வையை மறைப்பதற்கு. அதோடு, ஒரே இனத்தை ஒரே வரிசையில் நட்டுக் கத்தரித்து நிறுத்திய உருவம் வேலி என்றதும் வந்துவிடுகிறது. இயற்கையாகத் தோன்ற வேண்டும் என்பது விட்டுப்போகிறது.

நான் முதலில் செய்த தவறும் அதுவே. நெட்டிலிங்கக் கன்று 11 வாங்கி நூல் பிடித்தாற்போல நட்டேன். வளர்ந்தபின் நடுவில் ஒன்று பட்டுப்போனது. பல் விழுந்த இடம் போன்ற அந்தச் சந்தில் எதிர்வீட்டுச் சன்னல் முழுதாகத் தெரிந்தது. அங்கே வைத்த புதுக்கன்று மற்றவற்றின் நிழலில் எழும்பவே இல்லை. பிறகுதான் முன்னும் பின்னுமாக மாற்றி நட்டேன். பின்னால் புன்னையும் மகிழமும், அவற்றின் இடைவெளிக்கு நேரே அரளி, அடியில் வெட்சி. (அரளி நஞ்சு, குழந்தைகள் இருக்கும் இடத்தில் செம்பருத்தி வைக்கலாம்.) ஒன்று போனாலும் மற்றொன்று மறைக்கிறது. உயரத்தைவிட அடிப்பகுதியின் அடர்த்தியைத்தான் பார்க்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடியில்தான் இருக்கிறது.

இதைப் பார்த்தால் வேலி என்று சொல்ல வாய் வராது. சோலை என்றுதான் வரும். ஆகவே 'மறைசோலை' என்பதை முன்வைக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகள் பசுமைமாறாக் காடுகள் என்பதால் பசுமைமாறாமை என்ற பொருளும் சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

> 'மறைந்த சோலை' என்று பொருள்படாதா?

படலாம். ஆனால் கடிநாய் என்றால் கடிக்கும் நாய் என்றுதானே கொள்கிறோம், கடிபட்ட நாய் என்று கொள்வதில்லையே? அதே வினைத்தொகைதான் இதுவும். 'மறைச்சோலை' என்று ஒற்று மிகுத்து மட்டும் எழுதிவிடக் கூடாது. அது வேதத்தின் பக்கம் போய்விடும்.

பசுமைமாறா மரத்தை 'இலையுதிரா மரம்' எனலாம் என்ற பரிந்துரையை ஏற்க இயலவில்லை. மகிழ மரத்தடியைப் பெருக்குபவருக்குத் தெரியும், ஆண்டு முழுவதும் இலை விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரே பருவத்தில் எல்லாம் கொட்டி மொட்டையாக நிற்பதில்லை, அவ்வளவே. பாடநூல்களில் நிலைத்துவிட்ட 'பசுமைமாறா' இருக்கட்டும்.

கத்தரித்து ஒழுங்காக நிறுத்தும் வகைக்கு 'மறைவேலி' என்று தனியே வைக்கலாமா? தோட்டக்கலை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.