சைகோன் பெட்டகம்: பங்காளிகள் பிரித்துக்கொள்வதா, ஒன்றாக வைப்பதா?

ரெண்டாம்கட்டு (தேவகோட்டை) கேட்டது:

எங்கள் பெரிய வீட்டு ரெண்டாம் கட்டில் ஒரு தேக்குப் பெட்டகம் இருக்கிறது. ஐயாவின் அப்பச்சி (தகப்பனார்) சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். அங்கிருந்து வந்த பேரேடுகள், கடிதக் கட்டுகள், பிரெஞ்சில் அச்சடித்த நிலப் பத்திரங்கள், கூடவே இங்கத்திய இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்), மொய் ஏடு, வீடு கட்டியபோது எழுதிய கொத்தனார் கூலிக் கணக்கு, எல்லாம் அதில்தான். ஒரு பத்திரத்தில் மேலே பிரெஞ்சு, ஓரத்தில் சீன எழுத்து முத்திரை, அடியில் விலாசத்தோடு தமிழ்க் கையெழுத்து. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பங்காளிகள் ஐந்து புள்ளி (கல்யாணமான தனிக் குடும்பம்). வீட்டில் ஒழுக்கு, மராமத்துக்குப் பணம் வேண்டும். ஆளுக்குக் கொஞ்சமாகப் பெட்டகத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்கிறார் சித்தப்பா. காரைக்குடிப் பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்து, ஸ்டாம்ப் உள்ள தாளுக்கு மட்டும் நல்ல விலை தருவதாகவும், பேரேட்டை எடைக்குப் போடச் சொல்லியும் போனார்.

போன மாதம் வீடு பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் வேறு கதை சொன்னார். அவர் தாய்வழியில் பழைய பிரபுக் குடும்பமாம். கோட்டையில் இருந்த காகிதமெல்லாம் இப்போது அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதாம், ஆனால் சொத்து குடும்பத்துடையதாம். யாராவது பார்க்க வேண்டுமென்றால் குடும்பத்தைக் கேட்டுத்தான் காட்டுவார்களாம். இது நடக்கிற காரியமா? அவர்கள் எப்படி இவ்வளவு காலம் காப்பாற்றினார்கள்?

கல்லுக்கட்டி:

அண்ணே, முதலில் அந்த வியாபாரியை வாசலோடு அனுப்புங்கள். ஸ்டாம்ப் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, கண்ணாடி போட்டு ஏதாவது ஹோட்டல் வரவேற்பறையில் மாட்டிவிடுவார்கள். ஆனால் பிரெஞ்சுப் பிரபுக்களோடு நம்மை ஒப்பிடாதீர்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளைச்சலில் வாரம் வாங்கியவர்கள், நம் ஆட்கள் கப்பலேறிப் போய் வட்டி வாங்கியவர்கள்.

கண்டனூர் ஆச்சி:

கல்லுக்கட்டித் தம்பி சொல்வது பாதி சரி. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்து, பிரான்சில் ஒரு மாவட்ட ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவள். அந்த விருந்தாளி சொன்னது உண்மைதான்.

பிரபுக்கள் காகிதத்தைக் காத்தது சரித்திர ஆசையால் என்று நினைக்க வேண்டாம். முதல் காரணம் வரி. பிரபு என்றால் முக்கியமான நேரடி வரி கிடையாது. 14ஆம் லூயியின் மந்திரி கோல்பேர் 1660களில் ஊர் ஊராக விசாரணை வைத்து, நிரூபிக்க முடியாதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கி அபராதமும் போட்டார். 1760இல் இன்னும் இறுக்கினார்கள்: அரசவையில் அறிமுகம் வேண்டுமென்றால் 1400 வரைக்கும் பின்னோக்கிப் பிரபுத்துவம் காட்ட வேண்டும். அப்புறம் யார் தாளைத் தொலைப்பார்கள்?

இன்னொரு காரணம் நிலம். எந்தக் குடியானவன் எந்தத் துண்டை வைத்திருக்கிறான், நான்கெல்லை என்ன, வருஷத்துக்கு எத்தனை கோழி, எவ்வளவு தானியம் தர வேண்டும் என்று எழுதிய தடித்த ஏடுகள் உண்டு. அவற்றைப் படித்துச் சரிசெய்து தரவே தனித் தொழிலாளிகள் இருந்தார்கள். பிக்கார்டியில் அந்த வேலை பார்த்த ஒருவர்தான் பபேஃப். பிரபுக்களின் ஏடுகளைப் புரட்டிப் புரட்டியே, இந்த உரிமைகளில் எவ்வளவு அபகரிப்பு என்று கண்டு புரட்சிக்காரர் ஆனார். கணக்குப்பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால் இப்படியும் ஆகும்!

பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789 கோடையில் குடியானவர்கள் கோட்டைகளுக்குள் புகுந்தபோது பல இடங்களில் தேடியது வெள்ளிப் பாத்திரத்தை அல்ல, இந்த ஏடுகளைத்தான். 1793 ஜூலை 17இல் சட்டமே வந்துவிட்டது: நிலப்பிரபுத்துவ உரிமைப் பத்திரங்களை மூன்று மாதத்துக்குள் ஒப்படைத்து எரிக்க வேண்டும். ஊர்ச் சதுக்கங்களில் எரித்தார்கள். நாட்டைவிட்டு ஓடிய பிரபுக்களின் வீட்டுக் காகிதங்களை அதே அரசு பறிமுதல் செய்தது. அவற்றில் நிறைய இன்றும் பாரிஸ் தேசியக் காப்பகத்திலும் மாவட்டக் காப்பகங்களிலும் இருக்கின்றன. எரிக்கச் சொன்னவர்களே காத்தும் வைத்தார்கள், வேடிக்கைதான்.

குடும்பங்களின் கையிலேயே தங்கியவைக்கு வழி பிறந்தது ரொம்பப் பின்னால். 1949இல் தேசியக் காப்பகத்தில் தனியார் ஆவணங்களுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார்கள். அதன் வரிசையில் முதல் எண், துவார் கோட்டையின் லா திரெமோய் குடும்பத்தினுடையது. குடும்பம் தானமாகத் தரலாம், விற்கலாம், அல்லது உங்கள் விருந்தாளி சொன்னது போல ஒப்பந்தம் எழுதி இருப்பு வைக்கலாம். இருப்பு வைத்தால் உரிமை குடும்பத்துக்கே. 1968 சட்டப்படி வாரிசு வரிக்குப் பதிலாகவும் கொடுக்கலாம்.

இப்போது உங்கள் சித்தப்பாவின் யோசனைக்கு வருகிறேன். பிரெஞ்சு அரசு 1841 ஏப்ரல் 24 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது: ஒரே குடும்பத்திடமிருந்தோ ஓர் அமைப்பிடமிருந்தோ வந்த காகிதங்களை ஒன்றாகவே வைக்க வேண்டும், மற்றவற்றோடு கலக்கக் கூடாது. அந்த ஊர்க் காப்பகங்கள் இன்றும் அதன்படிதான் நடக்கின்றன. ஏன் என்று நான் கண்ணால் பார்த்தேன். ஒரு கட்டைப் பிரித்தபோது பெண்ணின் கல்யாண ஒப்பந்தம், ஓர் ஆலையை ஈடு வைத்த பத்திரம், கடன் அடைத்த ரசீது, மூன்றும் ஒரே நூலில் கோத்திருந்தன. சீர்ப் பணத்துக்காக ஆலையை ஈடு வைத்து மீட்டிருக்கிறார்கள். அந்த மூன்றும் மூன்று அண்ணன் தம்பி வீட்டுக்குப் போயிருந்தால் யாருக்குத் தெரியும்?

உங்கள் இசைகுடிமானத்தையும் அதே ஆண்டு சைகோன் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ரெண்டாம்கட்டு:

ஆச்சி, ராத்திரியே பார்த்தேன். பெரிய அத்தை கல்யாணச் செலவுக்கு உண்டியல் (பணம் அனுப்பும் சீட்டு) அனுப்பியதாகக் கடிதம் இருக்கிறது, பேரேட்டில் பற்றும் இருக்கிறது! சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், யோசிக்கிறார். இங்கே யாரிடம் கேட்பது?

கண்டனூர் ஆச்சி:

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறதே. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களையும் தாள்களையும் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் முழுதாக வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்கியது. அங்கே கேளுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்திலும் விசாரியுங்கள். சைகோன் பத்திரங்களுக்கு மறுபாதி தேட வேண்டுமானால் இரண்டு இடம்: பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் காப்பகம், ஹோசிமின் நகரில் (பழைய சைகோன்) உள்ள வியட்நாம் தேசியக் காப்பகம்.

அதற்கு முன்னால், இருக்கிற வரிசை கலையாமல் ஒவ்வொரு கட்டாகப் போனில் படம் எடுங்கள். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாகக் கழற்றுங்கள். செல்லோடேப் வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். துவைத்துக் காய்ந்த காடாத் துணியில் சுற்றி, ஒழுக்கில்லாத அறையில், சுவரை விட்டுத் தள்ளி, தரைக்கு மேலே வையுங்கள்.

வக்கீல் பேரன்:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, சரித்திர மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டு தாண்டினால் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அந்த வியாபாரி யாருக்கு விற்கிறார் என்று கேளுங்கள்.

கல்லுக்கட்டி:

எல்லாம் சரி, பேரேட்டில் நம்மிடம் கடன் வாங்கியவர்கள் பேர் இருக்குமே? நம் வீட்டுச் சண்டையும் இருக்கும். ஊரே படிக்க விடுவதா?

கண்டனூர் ஆச்சி:

நல்ல கேள்வி. பிரெஞ்சுக் குடும்பங்களும் இதைத்தான் முதலில் கேட்கும். ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்: இந்தக் கட்டு இத்தனை ஆண்டு மூடியிருக்கும், இதைப் பார்க்கக் குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று. ஐந்து புள்ளிக்கும் சேர்த்து யார் கையெழுத்துப் போடுவது என்பதை மட்டும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள் தம்பி. பெரும்பாலும் இழுபறி அங்கேதான்.